விளக்கெண்ணெய் தடவிய தொண்டை

ஏலப்பாறையில் காலை ஒன்பது மணி வரை யாருக்கும் முகம் கிடையாது. மூடுபனிக்குள் குரல்கள் மட்டும் நடமாடும். பக்கத்தில் தேயிலைக் கொழுந்து கிள்ளுவது யார், நிரை மாறிப் போனது யார் என்பதையெல்லாம் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என் ஊர் பெருமாட்டியில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது விளங்குவது கஷ்டம். நம் ஊரில் வரப்பில் ஒருவர் வந்தால் நடையை வைத்தே இன்னார் என்று அரை மைலில் சொல்லிவிடுவோம். என் நடையை வைத்தும் சொன்னார்கள். அதோடு வேறு சிலவும் சேர்த்துச் சொன்னார்கள்.

என்னைப் பையன் என்று பேரிட்டு வளர்த்தார்கள். நான் பெண் என்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதன்பின் மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டினேன். மாட்டை அதட்டி அதட்டித் தொண்டை கனத்துப்போனது. இருபத்திரண்டு வயதில் சேலை கட்டினேன். அண்ணன் அடித்து வெளியே தள்ளினான். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். பொள்ளாச்சிச் சந்தை, கம்பத்துத் தோட்டங்கள், பிறகு இரண்டு எஸ்டேட்டுகள். சேலையும் கூந்தலும் இரண்டு நாள் காப்பாற்றும். மூன்றாம் நாள் வாயைத் திறந்தாக வேண்டும். அன்றைக்கே மலையிறங்கச் சொல்லிவிடுவார்கள்.

இது மூன்றாவது எஸ்டேட். கம்பத்தில் பழக்கமான சண்முகத்தாய்தான் கூட்டிவந்தாள். என் வயதுக்காரி, புருஷனை இழந்தவள். என்னைப் பற்றி எல்லாம் தெரிந்தும், அத்தை மகள் மரகதம் என்று சொல்லி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தன் அறையில் இடம் கொடுத்தாள். கொழுந்துப் பருவத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. பருவம் தொடங்கிப் புது ஆள் எடுத்தால் எனக்கும் தினமும் காலையில் பெரட்டு. ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதை இங்கே அப்படிச் சொல்வார்கள். மரகதம் என்று கூப்பிட்டால் பனிக்குள்ளிருந்து ஒரு பெண் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எனக்குப் போக இன்னொரு மலை தெரியாது.

மத்தியான வேளைகளில் ஓடைக்கரையில் உட்கார்ந்து பழகினேன். எனக்குத் தெரிந்த ஒரே பாடம், ஊர்த் திருவிழாக் கூத்தில் பெண்வேஷம் கட்டிய ஆண்கள். அவர்களைப் போல மூக்கால் இழைத்து, கீச்சென்று பேசினேன். துவைத்துக்கொண்டிருந்த சண்முகத்தாய் கல்லிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

“ஏட்டி, இந்த எஸ்டேட்டுல எந்தப் பொம்பள இப்படிப் பேசுதா? இது ஆம்பள நெனைக்க பொம்பளக் குரலுல்லா?”

அதன்பிறகுதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். பெண்கள் நிரைக்கு நிரை கத்தினார்கள், ஏசினார்கள். சிலருக்கு என்னுடையதைவிடக் கட்டைக்குரல். ஆனால் சொல் அவர்களுக்கு நெஞ்சில் இடிக்காமல் வாயின் முன்பக்கத்திலிருந்து கிளம்பியது. ஒரே மட்டத்தில் போகாமல் ஏறி இறங்கியது. நெஞ்சில் கை வைத்து, அதிர்வு குறையும் வரை ‘கூடைய இங்க வை’ என்பதையே ஆயிரம் தடவை சொன்னேன். அவர்களுடைய தெற்கத்திப் பேச்சும் கூடவே ஒட்டிக்கொண்டது. தொண்டை புண்ணாகி டிஸ்பென்சரிக்குப் போனேன். மலையாளிக் கம்பவுண்டர் நல்ல மனுஷன். பாடுபட்டுப் பழகிய குரலைக் கேட்டுவிட்டு, சளியில் குரல் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தார். மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தால் பழைய குரலே திரும்பிவிடும் என்று தைரியம் சொன்னார். என் பயமே அதுதான் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பெரட்டு நாள் வந்தது. பேர் கூப்பிட்டார்கள். “இருக்கேன்” என்றேன். சூப்பர்வைசர் தலையைக் கூடத் தூக்காமல், பெண்கள் பக்கம் பத்தாவது நிரை என்றார். அவ்வளவுதான். அழுவேன் என்று நினைத்திருந்தேன். கூடையை மாட்டிக்கொண்டு ஏறினேன்.

அதிலிருந்து மூன்று வருஷம். யோசிக்காமல் ஒரு வார்த்தை பேசியதில்லை, சண்முகத்தாயிடம் கூட. தூக்கத்தில் உளறிவிடக்கூடாதே என்று சுவரைப் பார்த்துப் படுப்பேன். இருமல் மட்டும் பழக்கத்துக்கு வரவில்லை. இருமினால் கவலை ஓட்டிய தொண்டை அப்படியே வெளியே வந்துவிடும். முந்தானையை வாயில் அடைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது என்று பொள்ளாச்சிச் சந்தைக்காரர் ஒருவர் சொல்லியனுப்பினார். இந்தத் தை மாதம் குமுளி, கம்பம், பொள்ளாச்சி என்று பஸ் மாறி ஊருக்குப் போனேன். அம்மா வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஆள் அரவம் கேட்டு முகத்தைத் திருப்பினாள்.

“ஆருங்க?”

வழியில் போகிறவள், குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றேன், மலையில் பழகிய குரலில். அம்மா என்ற வார்த்தையை மட்டும் அந்தக் குரலில் நான் பழகியதே இல்லை. பக்கத்திலிருந்த தண்ணீர்ச் சொம்பை நீட்டிக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டாள். ஏலப்பாறை என்றேன்.

“என்ற சின்னப் பையனும் மலைப்பக்கந்தானுங்க போயிட்டான். குளிரு அவனுக்கு ஆகாதுங்க.”

தண்ணீர் தொண்டையில் அடைத்தது. முந்தானை வாய்க்கு எட்டுவதற்குள் இருமிவிட்டேன். கடலை உரித்த விரல்கள் நின்றன. அம்மா எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். வீட்டுக்குள்ளிருந்து கரண்டியில் விளக்கெண்ணெய் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள்.

“கிட்ட வாங்க. மலைச் சளி லேசுல போவாதுங்க.”

சூடான விரல்கள் என் தொண்டையில் இறங்கின. நடுவில் முட்டும் எலும்பில் வந்து நின்றன. பிறகு அதைச் சுற்றி, சின்ன வயதில் செய்தது போலவே, மேலிருந்து கீழாக நிதானமாகத் தடவிவிட்டாள். கரண்டி காலியாகும் வரை தடவினாள். நான் எழுந்தபோதுதான் பேசினாள்.

“மறுக்கா வந்தா மத்தியானமா வாங்க. பெரியவன் தோட்டத்துல இருப்பானுங்க.”

திரும்பி வந்தபின் தொண்டையைக் கழுவவில்லை. மறுநாள் பெரட்டில் பனி இறங்கிக் கிடந்தது, நீட்டிய கை தெரியாத அளவுக்கு. எங்கோ முன்னாலிருந்து மரகதம் என்று கூப்பிட்டார்கள். “இருக்கேன்” என்றேன். இந்த மலையில் எல்லோருக்கும் தெரிந்த குரல் அது. அது கிளம்பிய இடத்தில் பெருமாட்டி எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது.