அத்தாவின் தலைக்கு மேலே அரை மணி நேரம்

தென்காசியில் எழுபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, குற்றாலம் மெயினருவியில் ஒருநாள்கூடத் தலை நனைக்காத மனிதர் என்னைப் பெற்ற அத்தா ஒருவராகத்தான் இருப்பார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். சாரல் தொடங்கிவிட்டால் கடையநல்லூரிலிருந்தும் கடையத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். அத்தா அவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்து, பஸ் ஏற்றி விட்டு, தன் தையல் கடையைத் திறக்கப் போய்விடுவார். "கடையில வேலை கெடக்கு" என்பார். எல்லா வருஷமும் அதே வேலைதான் கிடந்தது.

அருவியில் மற்றப் பிள்ளைகளை அவரவர் அப்பாக்கள் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போவார்கள். என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கூட்டிப் போவார். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அழுது புரண்டு அடம்பிடித்து அத்தாவைக் கூட்டிப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேந்திரம் சிப்ஸ் போடும் கடை வரைக்கும் வந்தார். அன்றைக்கு அருவி நிறைய விழுந்தது. கடை தாண்டினால் சத்தம் சட்டென்று பெரிதாகும். அந்த இடத்தில் என் கைக்குள் இருந்த அத்தாவின் கை வேர்த்து, வழுக்கி, வெளியே போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். பக்கவாட்டில் தெரிந்த உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கும்படி நான் கத்தினேன். "பயந்தாங்கொள்ளி!"

அத்தா திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நானாகத்தான் நின்றேன். அதற்குப் பிறகு ஓரிடத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்ததாக நினைவில்லை. செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு வைக்கோல் கொண்டுபோகும் லாரியில் கிளீனர், புனலூரில் புரோட்டா அடிக்கிற வேலை, மும்பையில் பாத்திரம் கழுவுகிற வேலை, பிறகு சவூதியில் ஒரு முகாமில் ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கிற வேலை. பட்டினியும் கிடந்திருக்கிறேன். எங்கே படுத்தாலும் தூக்கம் வரும். அதனால் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை.

சவூதியிலிருந்து முதல் விடுப்பில் வந்தபோது அத்தாவின் தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கி வந்தேன். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். மாட்டி, சுவிட்சைப் போட்டதும் மெஷின் உறுமியது. அத்தா எழுந்து நின்றுவிட்டார்.

"கழத்திரு."

"ஏன் அத்தா? கால் வலின்னு சொன்னீயள்லா?"

"வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. கழத்து."

கழற்றினேன். அவர் உட்கார்ந்து காலால் மிதித்து, யாருடைய பேண்டுக்கோ ஓரம் அடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார். அவர் சின்ன வயதில் பர்மாவில் இருந்தது எனக்குத் தெரியும். எங்கள் தாத்தா அங்கே ரயில் பாலம் இருந்த ஒரு ஊரில் கைலிக் கடை வைத்திருந்தார். போர்க்காலத்தில் ஊர் ஜப்பான்காரர்கள் கையில் இருந்தது. பாலத்தை உடைக்க எதிர்ப்பக்கத்து வெள்ளைக்காரர்களின் விமானங்கள் வந்தன. வீட்டுக்குப் பின்னால் பள்ளம் தோண்டி வைத்திருந்தார்கள். இதெல்லாம் அன்றுதான் தெரிந்தது.

"ரெண்டு எஞ்சின். வாலு ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். சத்தம் கேட்டதும் பள்ளத்துக்குள்ள எறங்கிரணும். அம்மா சொல்லுவா, நூறு வரைக்கும் எண்ணு, போயிரும்னு. நான் எண்ணுவேன். அண்ணன் எண்ணுவான். தங்கச்சிக்கு எண்ணத் தெரியாது." மெஷின் கொஞ்ச தூரம் ஓடியது. "ஒருநாள் நாலு பேரு எறங்கினோம். மூணு பேரு ஏறினோம்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பேண்டை மடித்து வைத்தார். அருவியில் நான் கத்திய அந்த ஒற்றைச் சொல்லை அப்போதே திருப்பி எடுத்துக்கொண்டிருக்கலாம். வாய் வரவில்லை. பத்து நாளில் திரும்பப் போய்விட்டேன்.

பிறகு பல வருஷம் சுற்றுலாக் கப்பல்களில் சமையல்கட்டில் வேலை. வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, சாஸ் கிண்டுவது வரைக்கும் உயர்ந்தேன். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கப்பல் அமெரிக்காவின் தென்கரையில் ஒரு துறைமுகத்தில் நின்றது. காலைக் குப்பையைக் கொட்டிவிட்டுத் தளத்தில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு விமானம் தாழப் போனது. முதலில் சத்தம்தான் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு எஞ்சின். வால் இரண்டாகப் பிரிந்திருந்தது.

என்னோடு வேலை பார்த்த புனலூர்க்காரன் விசாரித்து வந்து சொன்னான். போர்க்காலத்துக் குண்டுவிமானமாம். பழைய விமானப் பிரியர்கள் சிலர் அதைப் பழுது பார்த்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்களாம். பணம் கட்டினால் அரை மணி நேரம் ஏற்றிக் காட்டுவார்களாம்.

"நான் போறேன்" என்றேன்.

"எடா, உனக்குப் பிராந்தா, பைத்தியமா? அந்தக் காசுக்கு வீட்டுக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கலாம்."

"வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்கு."

"அப்போ ரெண்டாவது ஃப்ரிட்ஜ் வாங்கு!"

அவன் சொன்னது நியாயம். ஆனால் என் அத்தாவின் கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது என்னவென்று எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது. மதியம் மூன்று மணி நேரம் கரைக்கு விட்டார்கள். போனேன்.

சின்ன விமானத் திடல். பக்கத்தில் நின்று பார்த்தால் அது நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. நம்மூர் டவுன் பஸ்ஸை விடக் கொஞ்சம் நீளம். எஞ்சினுக்குக் கீழே எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழ, தட்டு வைத்திருந்தார்கள். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார முதியவர். சட்டைப் பையில் இராணுவ உடுப்புப் போட்ட ஒரு இளைஞனின் படம் வைத்திருந்தார். அவருடைய அப்பாவாம். இதே ரக விமானத்தில் துப்பாக்கிக்காரராக இருந்தாராம். உன் அப்பாவும் இதில் பறந்தாரா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், இல்லை, அவர் கீழே இருந்தார் என்றேன். தரையில் விமானத்தைப் பழுது பார்க்கிற ஆள் என்று எடுத்துக்கொண்டார் போல. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, அவர்கள் இல்லாமல் ஒன்றுமே பறந்திருக்காது என்றார். நான் திருத்தவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அவரும் அப்பாவுக்காகத்தான் வந்திருந்தார்.

விமானத்தின் அடிவயிற்றில் இருந்த துவாரம் வழியாக ஏணி போட்டு ஏற்றினார்கள். உள்ளே பெட்ரோலும் பழைய ரப்பரும் கலந்த வாடை. காதுக்கு ஆளுக்கு இரண்டு மஞ்சள் அடைப்பான் கொடுத்தார்கள். முதல் எஞ்சின் இருமி இருமிப் பற்றியது. பிறகு இரண்டாவது. ஓடி, மேலே ஏறி, பெல்ட்டைக் கழற்றலாம் என்று சைகை காட்டியதும் நான் முதலில் செய்தது காதில் இருந்த அடைப்பானை எடுத்ததுதான்.

மெயினருவி.

வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. ஆடி மாதத்தில், தண்ணீர் முழுதாக விழும்போது, பாறையை ஒட்டி உள்ளே போய் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. பக்கத்தில் இருப்பவன் வாய் அசைவது தெரியும், ஒன்றும் கேட்காது. எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. மூன்று வருஷமாக நான் சாரலைப் பார்க்கவில்லை. கடல் நடுவில் ஷவரைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நாட்கள் உண்டு. அந்தச் சத்தம் இங்கே, இந்தத் தகரத்துக்குள் இருந்தது.

மறுபடியும் அடைப்பானைக் காதில் திணித்தேன். சத்தம் குறைந்தது. மற்றது குறையவில்லை. நெஞ்செலும்பிலும் பல்லிலும் முழங்காலிலும் அது அப்படியே அதிர்ந்துகொண்டிருந்தது. காதில் இல்லை அது. எப்போதுமே காதில் இருந்ததில்லை.

பக்கவாட்டு ஜன்னலில் குனிந்து பார்த்தேன். வீடுகள், நீல நிற நீச்சல் தொட்டிகள், கடை வாசலில் வரிசையாகக் கார்கள். ஒரு வீட்டின் பின்பக்கம் யாரோ துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆணா பெண்ணா தெரியவில்லை. சத்தம் கேட்டு, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது. அதற்குள் தாண்டிவிட்டோம். நான் எண்ணிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அறுபத்து மூன்றில் இருந்தேன்.

ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்தபோது சாரல் காலம். அத்தாவுக்கு எண்பத்திரண்டு வயது. காது அநேகமாகப் போய்விட்டது. பக்கத்தில் போய்க் கத்தினால் பாதி கேட்கும். அக்கா கண்ணூறு கழிக்கிற மாதிரி என்னைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏலே, இப்பதான் அத்தாவுக்குக் காதே கேக்கலியே. இந்தத் தடவையாவது மெயினருவிக்குக் கூட்டிட்டுப் போயேன். சின்னப் புள்ளையிலேருந்து அழுதியே."

"காதுல ஒண்ணும் இல்லக்கா."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வேண்டாம்."

விமானத்தில் ஏறியதை அத்தாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் வந்தேன். எப்படிச் சொல்வது? உங்கள் தங்கையைக் கொன்ற விமானத்தில் காசு கொடுத்து ஏறினேன் என்றா? ஆனால் அக்கா என் போனை வாங்கிப் படம் தள்ளிக்கொண்டே வந்தவள், "அத்தா, இங்க பாருங்க, ஒங்க மவன் ஏறின ப்ளேனை" என்று கத்தி, அவர் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டாள். அவளுக்குப் பர்மாக் கதை தெரியாது. அத்தா என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தா போனைக் கையில் வாங்கினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, படத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். வால் இருந்த இடத்தில் விரலை வைத்தார். படம் பெரிதாகிவிட்டது. பயந்து விரலை எடுத்தார்.

"இதுலயா ஏறினே?"

தலையை ஆட்டினேன்.

"மேல இருந்து பாத்தா கீழ ஆளு தெரியுதா?"

காது கேட்காதவர் கேட்கிற கேள்வி தெருவுக்கே கேட்டது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அத்தாவின் காதோரம் குனிந்தேன். பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

"ஆளு நிக்கது தெரியுது அத்தா. யாருன்னு தெரியல."

அத்தா போனைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு சொன்னார்: "மொதத் தடவ வந்தப்ப நானும் தங்கச்சியும் கையை ஆட்டினோம்."

மறுநாள் காலை அவரே சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையில் என் துண்டு.

"மெயினருவியில தண்ணி விழுதா?"

"அத்தா, வேண்டாம். நான் ஒண்ணும் கேக்கல" என்று காதோரம் கத்தினேன்.

"நீ அங்கன போய்ட்டு வந்திட்டே. நான் இங்கன வரக்கூடாதா?"

ஆட்டோவில் போனோம். சிப்ஸ் கடையைத் தாண்டியதும் என் கைக்குள் அவர் கை வேர்த்தது. நான் நின்றேன். அவர் நிற்கவில்லை. கம்பித் தடுப்பு வரைக்கும் வந்தார். அங்கே தரையே லேசாக அதிரும். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே வரச் சொல்லி நான் கூப்பிடவில்லை. சட்டையையும் போனையும் வாங்கிக்கொண்டு, "போ, குளி" என்றார்.

தண்ணீருக்குள் போனேன். மூன்று வருஷமாக நினைத்து ஏங்கிய தண்ணீர். திரும்பி அவர் நின்ற திசையைப் பார்த்தேன். தண்ணீர் வழியாக ஆள் தெரிந்தது, முகம் தெரியவில்லை. கையை ஆட்டினேன்.

வெளியே வந்தபோது, அங்கே எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சி ஒருவர் சிரித்தார். "ஒங்க அத்தாவா? நீங்க உள்ள போனதுலேருந்து சத்தம் போட்டு எண்ணுதாரு. என்ன பெரியவரே, அருவிய அளக்கீயளான்னு கேட்டேன். எண்ணிக்கிட்டேதான் இருந்தாரு."

அத்தா துண்டை என் தலையில் போட்டார்.

"எம்பத்தாறுல வந்துட்டே" என்றார்.

அவர் காதோரம் குனிந்து அந்தப் பழைய சொல்லைப் பற்றிச் சொன்னேன். பத்து வயதில் இதே இடத்தில் கத்தியதற்கு மன்னிக்கச் சொன்னேன். அருவிச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ போறியா? போ. நான் நிக்கேன்."

போனேன்.

அதற்குப் பிறகு இரண்டு சாரல் அத்தா இருந்தார். இரண்டு தடவையும் கம்பி வரைக்கும் வந்தார், அதற்கு மேல் வரவில்லை. நான் இப்போது கப்பலுக்குப் போவதில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டலில் சமைக்கிறேன். ஓரிடத்தில் இத்தனை நாள் இருந்தது இதுதான் முதல் தடவை. தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டால் அடுப்பை அடுத்தவனிடம் விட்டுவிட்டுப் போய்விடுவேன். உள்ளே போய் நின்று எண்ணுவேன். நூறு வந்துவிடும். கம்பிப் பக்கம் பார்ப்பேன். பிறகும் எண்ணிக்கொண்டே நிற்பேன், போலீஸ்காரர் விசில் அடித்து அடுத்த ஆளை உள்ளே விடுகிறவரைக்கும்.