உப்பு பிடித்த தைலம்

கொல்லங்கோட்டுக்கு வெளியே, வாசனைப் பொருள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் கெமிஸ்ட். எலுமிச்சைப்புல்லை வடித்தெடுத்த புல்தைலம் எங்களுக்குக் கேன் கேனாக வரும். அதிலிருந்து சிட்ரால் என்கிற பொருளை மட்டும் தனியே பிரித்து, அதைக் கொண்டு சோப்புக்குப் போகிற பூவாசனையைச் செய்கிறோம். பிரித்துத் தருவது பைசல்பைட் என்கிற கந்தக உப்பு. தீக்குச்சி உரசினாற்போல ஒரு நெடி அடிக்கும், தொண்டை கமறும்.

உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தைலத்தோடு குளிரக் குளிரக் கலக்கினால், சிட்ராலை மட்டும் உப்பு பிடித்துக்கொண்டு வெள்ளைக் குருணையாக இறங்கும். மற்றதைக் கழுவித் தள்ளிவிட்டுக் குருணையில் சலவைச் சோடாக் கரைசலை விட்டால் பிடி விட்டுப்போய், சிட்ரால் மஞ்சளாக மேலே மிதந்து வரும். அறையே மணக்கும். இதில் ஒரு சள்ளை உண்டு. உப்பு கூடிப்போய், சூடும் ஏறி, நெடுநேரம் கிடந்துவிட்டால் அது சிட்ராலின் வேறொரு இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் சோடாவைக் குடம் குடமாக ஊற்றினாலும் தைலம் திரும்பாது.

ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது. திடீரென்று ஹர்த்தால் அறிவித்துவிட்டார்கள், யாரும் வேலைக்கு வர முடியவில்லை, கரண்டும் போய்விட்டது. குளிர்ந்திருக்க வேண்டிய தொட்டி வெயிலில் வெந்து கிடந்தது. மறுநாள் சோடாவை விட்டுவிட்டு எல்லோரும் சுற்றி நின்றோம். ஒன்றும் மேலே வரவில்லை. மணமே இல்லாத அந்த அறையில் நிற்க எனக்கு என்னவோ போலிருந்தது.

அது என் தங்கை வீட்டிலிருந்து வந்த தைலம். டீச்சர் வேலை கிடைத்து மலைக்கு, சூரியநெல்லிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துக்குப் போனவள், அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். எஸ்டேட் குடும்பம். சரிவில் புல் வளர்த்துத் தைலம் வடிக்கிறார். எங்கள் அப்பாவுக்கு வேலந்தாவளம் பக்கம் தென்னந்தோப்பும் மாடுகளும் இருக்கின்றன; சாதிசனமும் இருக்கிறது. அன்றோடு அவள் பேச்சை எடுப்பதை நிறுத்திவிட்டார். அம்மா செத்தபோது அவள் கைக்குழந்தையோடு வந்தாள். தார் ரோட்டுத் திருப்பத்திலேயே பங்காளிகள் நிறுத்திவிட்டார்கள். பாடை அவளைத் தாண்டித்தான் போனது. அப்பா தலையைத் தூக்கவில்லை.

ஆனால் ஒவ்வொரு மாதமும் நான் ஊருக்குப் போகும்போது அப்பா கேட்பார்.

"தைலம் வந்துதா?"

"வந்துதுங்கப்பா."

"நல்லா இருந்துதா?"

"நல்ல மஞ்சளா இருந்துதுங்க."

அதோடு சரி, எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். தைலத்தைப் பற்றி அவருக்கு என்ன கவலை? தேங்காயெண்ணெய் தவிர வேறு எந்த எண்ணெயையும் தொடாதவர். ஒரு மழைக்காலத்தில், "இந்தத் தடவ தைலம் வரலீங்க. அங்க யாருக்கோ காய்ச்சலாமுங்க" என்றேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. நான் கழற்றிப் போட்ட சட்டையை அவரே என் கட்டிலில் மடித்து வைத்திருந்தார். புல்தைல வாசனை துவைத்தாலும் லேசில் போகாது.

போன தை மாதம், மாட்டுச் சந்தையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அந்தப் புள்ளைய வரச்சொல்லு" என்றார். ஏன் அன்றைக்கு என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டு, மனசு மாறிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா விடியலிலேயே இளநீர் வெட்டி வைத்திருந்தார். அவளுடைய பழைய அறையை அவரே கூட்டியிருந்தார். மூலையில் குப்பை அப்படியே இருந்தது, அது வேறு. தங்கை வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள், நுனியில். மாடுகளை விசாரித்தாள், மழையை விசாரித்தாள். முகத்தில் கோபமே இல்லை. பி.டி.ஏ. கூட்டத்துக்கு வந்த பெற்றோரிடம் பேசுகிற மாதிரி பேசினாள். குழந்தை தண்ணீர் கேட்டது.

"தண்ணி கொஞ்சம் மொண்டுக்கட்டுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

பத்து வயதிலிருந்து அந்தக் குடத்தை நிரப்பியவள் அவள்தான். அப்பா குடத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான்தான் எழுந்துபோய் மொண்டு கொடுத்தேன். அன்றைக்குத் தொட்டியைச் சுற்றி நின்ற மாதிரியே இருந்தது எனக்கு.

சாப்பிட்டு முடித்ததும் கிளம்பினாள்.

"இருந்துட்டுப் போ கண்ணு. ரூமெல்லாம் கூட்டி வெச்சிருக்கேன்" என்றார் அப்பா.

"இல்லீங்கப்பா. ஊட்டுல தேடுவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன். ரோட்டுத் திருப்பம் வந்ததும் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். "ஏம்மா, ரெண்டு வார்த்தை திட்டியாவது இருக்கலாமில்ல" என்றேன். "திட்டலாம்னுதான் அண்ணா வந்தேன். வந்து உக்காந்தா ஒண்ணுமே வரல" என்றாள்.

திரும்பி வந்தபோது அப்பா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "அதுக்கு எம்மேல கோவமா?" என்று கேட்டார்.

"இல்லீங்கப்பா."

"இல்லியா" என்றார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான், அம்மாவுக்குக்கூட அழவில்லை.

போகும்போது அவளே தன் போன் நம்பரை அப்பாவின் போனில் போட்டுக் கொடுத்திருந்தாள், பேத்தியின் படத்தோடு. தொட்டால் போதும், மணி அடிக்கும்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனேன். போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

"தைலம் வந்துதா?" என்றார்.