போன மின்னஞ்சலைத் துரத்தியவர்

அருளானந்து இறந்த செய்தி நான் வேலை பார்க்கும் வங்கியின் தொலைபேசியில் வந்தது. அவருடைய மைத்துனர்தான் பேசினார். "அத்தான் காலையில தவறிட்டாகண்ணே. செக்காலை வீட்டுக்கு வந்துருங்க." மாரடைப்பு என்றார்கள். அலுத்துப் போய்விட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.

நமது உரிமைக் குழுவில் அவருடன் அலைந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கடைசி நாட்களில் அவர் ஏன் கூட்டங்களுக்கு வரவில்லை என்று பலர் கேட்டீர்கள். அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாச்சியாபுரம் பக்கத்து முருகையாவையும் அவர் மனைவியையும் வெளியூர் செங்கல் சூளை முதலாளி ஒருவர் முன்பணத்தைக் காட்டி அடைத்துவைத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். செங்கல் வாங்குபவர்போல உள்ளே போய்ப் படம் எடுத்து வந்தவர் அருளானந்து. காலில் கட்டுடன் முருகையா உட்கார்ந்திருக்கும் படம். காரைக்குடிக்கு இணையம் வந்த புதிது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, வெளிநாட்டு மனித உரிமைக் குழுக்களுக்கெல்லாம் அந்தப் படத்தை அனுப்பினார். வழக்குச் செலவுக்கு உதவி கேட்டார். ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதச் சொன்னார். கடைசி வரியில், "உங்களுக்குத் தெரிந்த அனைவருக்கும் இதை அனுப்புங்கள்" என்று சேர்த்தார். அனுப்பினார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் ஃபேக்ஸ் குவிந்தது, பணமும் வந்தது, முருகையாவும் மனைவியும் வெளியே வந்தார்கள். அன்று நாமெல்லாம் துள்ளிக் குதித்தோம்.

மின்னஞ்சல் மட்டும் நிற்கவில்லை. கைமாறிக் கைமாறி எந்தெந்த நாட்டுக்கோ போய்க்கொண்டே இருந்தது. அடுத்த வழக்குக்காகப் போனபோது ஆட்சியர் அலுவலக எழுத்தர் எரிந்து விழுந்தார். "வெளிய வந்தவனையே இன்னும் விடச் சொல்லி எழுதுறாக. இனி நீங்க கொண்டாரத எப்படி நம்புறது?"

அதைவிடக் கொடுமை, வெளியே வந்தபின் முருகையா வேலை பார்த்த அரிசி ஆலைக்கு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் படமும் கையுமாக வந்து அவரைத் தேடியது. வம்பு வேண்டாமென்று ஆலை முதலாளி முருகையாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அவர் நேரே எங்களிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

"சூளையிலேருந்து வெளிய கொண்டாந்தீக, சரி. இந்தப் படத்துலேருந்து எப்ப சார் வெளிய கொண்டாருவீக?"

மறுநாளே அருளானந்து அவருக்கு வேறு வேலை தேடிக் கொடுத்தார். பிறகு நமது கூட்டம் நடக்கும் சனிக்கிழமைதோறும் பிரவுசிங் சென்டருக்குப் போய், எழுதிக் கேட்ட ஒவ்வொருவருக்கும், முருகையா வெளியே வந்துவிட்டார், இனி அந்தப் படத்தை அனுப்பாதீர்கள் என்று தனித்தனியாகப் பதில் எழுத ஆரம்பித்தார். பாதியில் இணைப்பு அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. தாமதமாக வந்த உதவித் தொகையைக்கூட, அனுப்பியவரைக் கேட்காமல் வேறு வழக்குக்கு எடுக்க மாட்டார். "வந்த காசை வேணுமான்னு போய்க் கேக்குறீகளே" என்று நான் கத்தியிருக்கிறேன். "தீர்ந்துபோன கஷ்டத்துக்கு வந்த காசுண்ணே. அவுகளைக் கேக்காமத் தொடக்கூடாது" என்றார். வீம்பு பிடித்த மனிதர். இன்று அந்த வீம்புக்காகவே அழுகிறேன்.

அடக்கம் முடிந்து வந்ததும், அவர் படத்தைப் போட்டு உலகம் முழுக்க ஒரு வேண்டுகோள் அனுப்பினால் குழுவுக்கு நிதி சேருமே என்று நம்மில் சிலர் பேசினார்கள். அவர் மனைவி கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இவுகளையும் சுத்த விடப் போறீகளா?" என்றார்.

அதனால் இந்தக் குறிப்பு அச்சில் மட்டும் வருகிறது. இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சனிக்கிழமை வேலை ஒன்றைத்தான். போன வாரம் போய் உட்கார்ந்தேன். முருகையாவை மீட்க என்ன செய்யலாம் என்று ஒரு பெண் நார்வேயிலிருந்து உருகி எழுதியிருந்தார். நல்ல மனம். "அவர் வெளியே வந்து வெகுநாள் ஆகிறது, அம்மா. அவர் படத்தை அழித்துவிடுங்கள். அதுதான் அவர் கேட்கும் உதவி" என்று எழுதினேன்.