நாற்காலியில் ஏறிய கணினி

லாசேவாவுக்கு வயது ஒன்பது. ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் இரண்டு வருடமாகப் பூஜ்யம். இந்தத் தடவையும் அப்படியே வந்தால் கற்றல் குறைபாடு என்று எழுதித் தனி வகுப்புக்கு அனுப்பிவிடலாம் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள்.

"எம்பொண்ணுக்கு மூளை இல்லைன்னா சொல்றாங்க, தராமு?" என்று அவள் அம்மா வந்து அழுதாள். "வீட்டுல ஒரு நிமிஷம் வாய் ஓயாது. தம்பிய இங்கிலீஷ்ல திட்டுறத வந்து கேளுங்க!"

தராமு என்றால் பர்மாவின் கரென் மக்கள் மொழியில் டீச்சரம்மா. உண்மையில் தாமூபா டீச்சர் அல்ல, அமெரிக்காவில் செயின்ட் பால் நகரத்து அந்தப் பள்ளியின் உதவியாள். தாய்லாந்து எல்லை அகதி முகாமில் வளர்ந்து, இங்கே வந்து ஆறு வருடம் கோழி இறைச்சி ஆலையில் நின்றே கால் வீங்கியவள். பெற்றோர் கூட்டத்தில் அவள் நாலு பேருக்கு மொழிபெயர்த்துச் சொன்னதைப் பார்த்து, இந்த வேலைக்கு இழுத்து வந்தவர் ஆங்கில ஆசிரியை லிண்ட்வால். அன்றிலிருந்து வளைந்த மேசை ஒன்றும் அதைச் சுற்றி மூன்று பிள்ளைகளும்தான் தாமூபாவின் ராஜ்ஜியம்.

தாமூபா லாசேவாவுக்கு மாதிரித் தேர்வு வைத்துப் பார்த்தாள். காதுமாட்டியில் ஒரு பெண்குரல் கேள்வி கேட்டது. லாசேவா கைகளைக் கட்டிக்கொண்டாள், தலை குனிந்தாள், உதடு மட்டும் அசைந்தது. 'குரல் பதிவாகவில்லை' என்றது கணினி.

அட, என் புத்தியைச் செருப்பால் அடிக்க! பெரியவர் பேசினால் நம் கரென் பிள்ளை தன் தலையை அவர் தலைக்கு மேலே வைத்துக்கொண்டா பதில் சொல்லும்? கணினி மேசைமேல் இருந்தது பிள்ளையின் மார்பளவில். பிள்ளை குனியாமல் என்ன செய்யும்?

"நிமிந்து சத்தமா பேசுடி, தங்கம்."

"பெரியவங்க முன்னாடியா, தராமு? அம்மா தொடையில கிள்ளிடும்."

தேர்வு நடக்கும்போது உதவியாள் வாயே திறக்கக் கூடாது. தாமூபா லிண்ட்வாலிடம் ஓடினாள். "பிள்ளைங்க தரையில உக்காரட்டும். கணினி நாற்காலி மேல இருக்கட்டும்."

லிண்ட்வால் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "தரை கூடாதுன்னு எங்கயும் போடல. தனி அறை, மூணு பேரு, பாய். நான் கையெழுத்துப் போடுறேன்."

பிப்ரவரிப் பனியில் தேர்வு வந்தது. மூன்று பேர் பாயில் உட்கார்ந்தார்கள். உயரே நாற்காலியில் கணினி. லாசேவா பழக்கப்படி கையைக் கட்டினாள், ஆனால் அதைப் பார்க்க முகத்தை நிமிர்த்தத்தான் வேண்டியிருந்தது. பேசினாள். படத்திலிருந்த தீயணைப்பு வண்டியைப் பற்றி மூச்சு விடாமல் பேசினாள். தாமூபா கழுத்துத் துணியின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். முடிந்ததும் பிள்ளை கணினியைப் பார்த்துத் தலை தாழ்த்தி, "நன்றி, தராமு" என்றது.

மே மாதம் முடிவு வந்தது. லாசேவாவுக்குப் பேச்சில் ஆறுக்கு நான்கு. தனி வகுப்புப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

தாமூபா அந்தத் தாளோடு லிண்ட்வால் முன்னால் போய் நின்றாள். கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன, தலை குனிந்தது. "கோழி ஆலையிலேருந்து என்னக் கூட்டிட்டு வந்தீங்க. அந்தப் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்."

லிண்ட்வால் காதைக் கிட்டே கொண்டுவந்தார். "என்ன சொன்ன? ஒண்ணுமே கேக்கல, தாமூபா. நிமிந்து சத்தமா சொல்லு."