பெருநாளுக்குக் கழுவிய கல்

நேற்று டவுனில், மீன்தொட்டிச் சாமான் விற்கும் கடைக்காரர் ஒரு வடிகட்டிப் பெட்டியைக் கையில் தந்து, "கிழமைக்கு ஒருக்கா சோப் போட்டு வடிவாக் கழுவோணும் மிஸ்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு ஏன் என்று விளங்கியிராது. உங்களுக்குச் சொல்கிறேன்.

தண்ணீர் பரிசோதிக்கும் வேலை கிடைத்துக் கிண்ணியாவுக்குப் போன புதிதில் ராத்தா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு அக்காவின் வீட்டில் அறை எடுத்திருந்தேன். குசினிக்குப் பின்னால், வேப்பமரத்தடியில், சுற்றிவர மணல் அணைத்து ஒரு பைபர் வள்ளம். அதன் எஞ்சினை விற்றுத்தான் ராத்தாவின் கணவர் கட்டாருக்கு வேலைக்குப் போயிருந்தார். சும்மா கிடக்கும் வள்ளத்தை வாங்க ஆட்கள் வருவார்கள். ராத்தாவின் நானாவுக்கும், அதாவது அண்ணனுக்கும், விற்றுவிடத்தான் விருப்பம். ராத்தா அதற்குள் தண்ணீர் நிரப்பித் தங்கமீன் விட்டுவிட்டார். கேட்டு வருகிறவர்களுக்கு ஒரே பதில்: "உள்ளுக்க குடியிருக்கிறாங்களே."

மீன் செத்தால் அன்றைக்கே வள்ளம் போகும் என்று நானா சொல்லி வைத்திருந்தார்.

தண்ணீர் தெளிவாக இருக்க, நானும் ராத்தாவும் சேர்ந்து ஒரு வடிகட்டி செய்தோம். நான் முதலில் அம்புக்குறியெல்லாம் போட்டுப் படம் வரைந்தேன். நான் படம் வரைந்து முடிப்பதற்குள் அவர் மீனுக்கு ஐஸ் போட்டு வைக்கும் வெள்ளை றெஜிபோம் பெட்டியில் ஓட்டை போட்டுவிட்டார். பெட்டி நிறையக் கல், கல்லில் கங்குன் கீரை. சின்ன மோட்டர் தண்ணீரை மேலே ஏற்றும், அது கல்லுக்குள்ளால் வடிந்து வள்ளத்துக்குத் திரும்பும். சில கிழமைகளில் கல்லில் வழுவழுவென்று ஒரு படலம் பிடித்தது. மீன் கழிவின் நஞ்சைக் கீரைக்கு உரமாக மாற்றுகிற உயிர்கள் அதில்தான் இருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட ரீச்சரும் ஆசைப்பட்டு, எங்களிடம் ஒரு சட்டி கல் வாங்கித் தன் சீமெந்துத் தொட்டிக்கு அதேபோல ஒன்று செய்துகொண்டார். மழைக்கு முந்திய மண் மாதிரி அந்தப் பெட்டியில் ஒரு வாசம் வரும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

பிறகு நோன்புப் பெருநாள் வந்தது. பெருநாளென்றால் அங்கே வீட்டில் கழுவாத பொருள் இருக்காது. யன்னல், கதிரை, அலுமாரிக்குப் பின்பக்கம். நான் ஊருக்குப் போய்த் திரும்பிவர, பெட்டிக் கல்லெல்லாம் பிளீச்சிங் போட்டு முத்துப்போல வெளுத்துக் கிடந்தது. படலம் அடியோடு போய்விட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

ராத்தாவின் முகம் வாடிப்போனது. "சுத்தம் பண்ணினது குத்தமா புள்ள?"

பாதித் தண்ணீரை இறைத்துக் கிணற்றுத் தண்ணீர் விட்டோம். தீனியை நிறுத்தினோம். ஆனால் படலம் பிடித்த கல் வேண்டுமே. அது ரீச்சரிடம்தான் இருந்தது. அந்தக் கல்லைத்தான் ராத்தா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, ரீச்சர் வீட்டு ஊத்தை என்று பகிடி பண்ணுவார்.

நானென்றால் என்ன சொல்லிக் கேட்பது என்று யோசித்தே விடிந்திருக்கும். ராத்தா ஒரு கையில் பெருநாள் பலகாரமான வட்டிலப்பம், மறு கையில் வாளியோடு நேரே போய் நின்றார்.

"ரீச்சர், உங்கட ஊத்தையில கொஞ்சம் தாங்க."

"இப்பதான் அருமை தெரியுதோ?" என்று கேட்டபடியே ரீச்சர் தன் பெட்டிக் கல்லில் பாதியை அள்ளிக் கொடுத்தார். காய்ந்துவிடாமல் ஈரச் சாக்குப் போர்த்தி, குழந்தையைத் தூக்குவதுபோல ராத்தா அதைக் கொண்டு வந்தார். மீன்கள் மெல்ல மெல்லக் கீழே இறங்கின. நானா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வட்டிலப்பம் சாப்பிட்டுப் போனார்.

நேற்றுக் கடையிலிருந்து நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். கணவர் வந்து எஞ்சின் பூட்டி, வள்ளம் கடலுக்குப் போய்விட்டது. மீன்கள் ரீச்சர் தொட்டியில். வேப்பமரத்தடி மணலில் வள்ளத்தின் வடிவில் ஒரு பள்ளம் மட்டும். அந்த வாசம் இல்லை.

"குடியிருந்தவங்க வீடு மாறிட்டாங்க புள்ள," என்றார் ராத்தா, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு.