சேற்றிலும் சுடும் துவக்கு

ஞாயிற்றுக்கிழமையில் இந்த வெள்ளைக்கார நாட்டில் சுவரில் ஓர் ஆணி அடிக்க ஏலாது. வெறும் போத்தலைத் தெருவிலுள்ள கண்ணாடிக் குப்பைத் தொட்டிக்குள் போட்டாலே பக்கத்து வீட்டு மனிசி யன்னலால் எட்டிப் பார்த்து "றூகே!" என்று கத்துவாள். அமைதி வேணுமாம். ஆனால் அதே ஞாயிறு காலையில் வயலுக்கு அப்பால் இருக்கும் ஷுட்சென்ஃபெறைனில், அதுதான் துவக்குச் சுடுபவர்களின் சங்கத்தில், படார் படார் என்று வெடி கேட்கும். அதற்கு ஒரு யன்னலும் திறக்காது. அது பரம்பரை வழக்கமாம். ஆணிக்கு இல்லாத மரியாதை துவக்குக்கு! ஊரை விட்டு இந்த ஊன்ட்றொப் பக்கம் வந்து தலையும் நரைத்துவிட்டது, இது மட்டும் எனக்கு இன்னும் செமிக்கவில்லை.

என் மகள் அபி இங்கே பிறந்தவள். அவள் கட்டப்போகும் லூக்காஸ் அந்தச் சங்கத்துக்காரன், அவளையும் சேர்த்துவிட்டான். கலியாணம் முடிய என் வீட்டு மேல்மாடியில் இருவரும் குடியிருப்பதாகப் பேச்சு. அதற்காகவே மாடிக்கு வெள்ளையடித்து வைத்திருந்தேன். போன கோடையில் ஒருநாள் அபியோடு கோப்பி குடிக்க வந்தவன், தான் ஒரு செமி ஓட்டோமற்றிக் துவக்கு வாங்கப்போவதாகவும், அதைப் பூட்டி வைக்கும் இரும்பலுமாரிக்கு என் நிலவறையில் இடம் வேண்டும் என்றும் கேட்டான். நான் வாய் திறக்குமுன்பே, எதை வாங்குவது என்ற விளக்கம் தொடங்கிவிட்டது.

கடையில் இரண்டு வகை, ஏ.ஆர். 15, ஏ.கே.; இரண்டும் வெடிமருந்துக் காஸில்தான் வேலை செய்யுமாம். குண்டைத் தள்ளிக்கொண்டு போகும் காஸில் கொஞ்சம் பின்னால் திரும்பி வந்து, வெற்றுத் தோட்டாக் கோதை வெளியே எறிந்து அடுத்ததை ஏற்றும். ஏ.ஆர். 15 வகையில் அந்தக் காஸ் மெல்லிய குழாயால் நேரே உள்ளே வந்து அடிக்கும். பாரம் குறைவு, குறி தப்பாது; ஆனால் கரி முழுக்க உள்ளே படியும், துடைக்காவிட்டால் நின்றுவிடும். ஏ.கே. வகையில் காஸ் ஒரு பிஸ்டனைத் தள்ளும். இதைச் சொல்லும்போது கேக் கரண்டியால் என் சீனிப் போத்தலைத் தள்ளிக் காட்டினான். பாரம் கூட, உதறலும் கூட, ஆனால் கரி முன்னுக்கே நின்றுவிடும். மணலோ சேறோ கவலையில்லை. "டீ லொய்ஃப்ட் இம்மர்" என்றான். அது எப்போதும் ஓடுமாம்.

யுத்தகாலத்தில், ஊரில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த ஒரு நாள் எனக்கு ஞாபகம் வந்தது. வேலி பாய்ந்து வந்த ஆமிக்காரன் வாய்க்காலில் சறுக்கி விழ, துவக்கு சேற்றுக்குள் முழுதாகப் புதைந்து போனது. "சேறு அடைச்ச துவக்குச் சுடாது, ஓடு அக்கா!" என்று கத்தியவன் என் தம்பி. ஓடினோம். அது சுட்டது. தம்பி வெங்காயப் பாத்திக்குள் விழுந்தான், எழும்பவேயில்லை. அது எப்படிச் சுட்டது என்று இத்தனை வருஷமும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் என் வீட்டு மேசைக்கே வந்தது, அதுவும் கேக்கோடு.

"யா, இம்மர்" என்றேன். ஓம், எப்போதும்.

லூக்காஸின் முகம் மலர்ந்தது. "உங்களுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுதே!" என்று தன் பாஷையில் மகிழ்ந்தான், மடையன். அபியிடம் தமிழில் எல்லாவற்றையும் சொன்னேன். மாமன் செத்தது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், எப்படி என்று அன்றுதான் அறிந்தாள். முகம் வெளுத்தது. லூக்காஸிடம் மெல்ல ஏதோ சொன்னாள். அவனும் தலை குனிந்தான். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அப்ப அதை வாங்கேல்லை, அம்மா. மற்றதை வாங்குவம். அது ஊத்தையெண்டால் நிண்டிடும்தானே."

என் பிள்ளைதான் சொன்னாள். அன்போடுதான் சொன்னாள்.

"ஒண்டும் இந்த வீட்டுப் படியால இறங்காது, பிள்ளை."

"இது ஸ்போர்ட் அம்மா. கடதாசிக் குறியிலதான் சுடுறது."

"உன்ர கடதாசியை வேற எங்கயாவது கொண்டுபோய்ச் சுடு."

"அப்ப நாங்களும் இஞ்ச வரேல்லை" என்று எழும்பினாள்.

வரவில்லைதான். பக்கத்து ஊரில் வாடகைக்கு இருக்கிறார்கள். வெள்ளையடித்த மாடி பூட்டிக் கிடக்கிறது. மற்றதைத்தான் வாங்கினார்களாம். ஆனாலும் ஞாயிறுகளில் சுட்டு முடித்து, துவக்கை வீட்டில் பூட்டிவிட்டு, மத்தியானம் என்னிடம் சாப்பிட வருவார்கள். நான் சமைத்துக்கொண்டே வெடியைக் கேட்பேன். சத்தம் சட்டென்று நின்றால் என் கை அகப்பையோடு நின்றுவிடும். துவக்கு இறுகிப்போச்சு, ஓடு தம்பி, ஓடு என்று வாய்வரை வந்துவிடும். பிறகுதான், பிள்ளைக்குப் பசிக்கும் என்ற நினைப்பு வந்து சோற்றை இறக்குவேன்.