பக்கத்து சீட்டுக்காரர் போன்

தாளில் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபது வயதில் கற்றது. ஆறு மாதம்தான் ஆகிறது.

இன்று ஸ்ரீரங்கத்திலிருந்து புத்தூருக்குப் பஸ்ஸில் போனேன். பக்கத்து சீட்டுக்காரரின் போனில் மனைவியிடமிருந்து செய்தி வந்தது.

"அம்மாவை டாக்டர் கூப்பிடுறாங்க. எங்க இருக்கீங்க?"

என் கண் தானாகப் போயிற்று. எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அவர் பதில் எழுதினார்: "புத்தூர் வந்துட்டேன்."

பஸ் அப்போது காவிரிப் பாலத்தையே தாண்டவில்லை!

மனைவி மறுபடி நீளமாக எழுதினார். "அம்மா உங்க மேல" என்பதுவரை வந்திருந்தேன். அதற்குள் அவர் திரையை விரலால் தள்ளிவிட்டார்.

"கொஞ்சம் இருங்க, நான் இன்னும் முடிக்கல" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முறைத்தார். "ஏங்க பெரியவரே, அடுத்தவங்க போனைப் படிக்கிறது தப்பில்லையா?"

"தப்புதாங்க. ஆனா மாமியாருக்கு உங்க மேல என்னங்க?"

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நானும் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்குவதற்குள் போன் மூன்று முறை சிணுங்கியது. மூன்று முறையும் என் கழுத்து திரும்பியது. என்ன செய்வேன்?

படிக்கத் தெரியாமல் இருந்தவரை நான் எவ்வளவு யோக்கியன்!

உங்களுக்கெல்லாம் இந்தப் படிக்கிற ஆசை எத்தனை வருஷத்தில் அடங்கியது? மறைக்காமல் சொல்லுங்கள்.